காற்றிலிருந்து குடிநீர்: கல்வராயன் மலையடிவாரத்துக்கு எது பொருந்தும்?

ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு நீரேற்ற முடியாமல் போகும் கோடை நாள்களிலும் ஊரைச் சூழ்ந்துள்ள காற்றில் நீர் இருந்துகொண்டே இருக்கிறது என்பதும், அதைக் குளிரச் செய்தோ உறிஞ்சியோ பிரித்தெடுத்துக் குடிநீராக்க முடியும் என்பதும் அறிவியல் ஐயமற நிறுவிய உண்மைகள். அந்த உண்மைகளை அடிப்படையாகக் கொண்ட கருவிகள் இன்று ரயில் நிலையங்களிலும் அலுவலகங்களிலும் இயங்குகின்றன. குடிநீர்த் தட்டுப்பாட்டுக்கு இவையே இறுதித் தீர்வு என்ற நம்பிக்கையும் அவற்றோடு சேர்ந்து பரவுகிறது. தொழில்நுட்பம் மெய்யானது, ஆனால், அது எவ்வளவு நீருக்கு, எந்த இடத்துக்கு, என்ன விலையில் பொருந்தும் என்பதை ஒவ்வோர் ஊரின் வெப்பத்தையும் ஈரத்தையும் மழையையும் கொண்டுதான் முடிவுசெய்ய வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கிய கள்ளக்குறிச்சி, இந்த ஆய்வுக்குத் தக்க களம். மேற்கே ஏறத்தாழ 2,000 அடி முதல் 4,000 அடி வரை உயரும் கல்வராயன் மலையும், கிழக்கே களமருதூர் போன்ற ஊர்களைக் கொண்ட உழவுச் சமவெளியும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்குகின்றன. மழைக்காலத்தில் ஓடைகள் பெருகும் மலையிலும், நெல்லும் கரும்பும் விளையும் சமவெளியிலும் கோடை வந்தால் குடிநீர் கவலைக்குரியதாகிறது. இந்த நிலத்தில் காற்றுநீர்க் கருவிக்கு உரிய இடம் ஒன்று உண்டு. ஆனால், அது ஏரிக்கும் சுனைக்கும் கூரை மழைக்கும் மாற்றாக அமையக்கூடிய இடம் அன்று.

காற்றில் எவ்வளவு நீர்?

புவியின் வளிமண்டலத்தில் எந்த நேரத்திலும் ஏறத்தாழ 13,000 கன கிலோமீட்டர் நீர் ஆவியாக மிதக்கிறது. அது சராசரியாக ஒன்பது நாள்களுக்குள் மழையாகவோ பனியாகவோ இறங்கிவிட, புதிய ஆவி அதன் இடத்தை நிரப்புகிறது. ஆனால் ஓர் ஊரில் கிடைக்கக்கூடிய அளவு வேறு. ஒரு கன மீட்டர் காற்று 30 பாகை செல்சியஸில் அதிகபட்சமாக 30 கிராம் அளவு ஆவியையே தாங்கும். 20 பாகையில் 17 கிராம், 10 பாகையில் 9 கிராம் என்று அந்தக் கொள்ளளவு சுருங்கிக்கொண்டே போகும். அந்தந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய ஆவியில் உண்மையில் எத்தனை விழுக்காடு அதில் இருக்கிறது என்பதையே ஒப்பு ஈரப்பதம் என்கிறார்கள். காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போகும்போது, உள்ள ஆவியைத் தாங்க முடியாமல் அது துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை பனிநிலை எனப்படும்.

இந்த இரண்டு அளவுகளையும் கொண்டு ஓர் எளிய கணக்கைப் போடலாம். 30 பாகை வெப்பமும் 70 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் உள்ள காற்றில் கன மீட்டருக்கு 21 கிராம் ஆவி இருக்கும். அதை 10 பாகைக்குக் குளிர்வித்தால் ஏறத்தாழ 12 கிராம் நீர் பிரியும். ஒரு லிட்டர் நீர் பெறுவதற்குக் குறைந்தது 80 கன மீட்டர் காற்றை, அதாவது பத்தடி நீள அகல உயரமுள்ள மூன்று அறைகளின் காற்றைக் கருவி இழுத்தாக வேண்டும். வெப்பம் 38 பாகையாகவும் ஈரப்பதம் 30 விழுக்காடாகவும் உள்ள கோடை நண்பகலில் இதே முறையில் கன மீட்டருக்கு 5 கிராம் அளவே கிடைக்கும். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 200 கன மீட்டர் காற்று வேண்டியிருக்கும். கடலோரத்தில் நாளெல்லாம் நன்கு இயங்கும் கருவி உள்நாட்டு வெயிலில் தளர்ந்துபோவதற்கு இதுவே காரணம். கருவியின் விளம்பரத்தில் காணும் ‘நாளொன்றுக்கு இத்தனை லிட்டர்’ என்ற எண், அது எந்த வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அளக்கப்பட்டது என்று தெரியாதவரை பொருளற்றது.

குளிர்விப்பதும் உறிஞ்சுவதும்

இன்று விற்பனையில் உள்ள கருவிகளில் பெரும்பாலானவை குளிர்விக்கும் வகையைச் சேர்ந்தவை. வீட்டு ஏசியில் உள்ளதைப் போன்ற கம்பிரசர் ஓர் உலோகச் சுருளைப் பனிநிலைக்குக் கீழே குளிர்விக்க, மின்விசிறி இழுத்துவரும் காற்று அதன் மீது பட்டுத் துளிகளை விட்டுச் செல்கிறது. அந்த நீர் வடிகட்டப்பட்டு, புறஊதாக் கதிரால் கிருமி நீக்கப்பட்டு, தேவையான கனிமங்கள் சேர்க்கப்பட்டபின் குடிநீராகிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த மைத்ரி அக்வாடெக் நிறுவனம் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஒத்துழைப்போடு உருவாக்கிய ‘மேக்தூத்’ கருவி 2019 டிசம்பரில் செகந்திராபாத் ரயில் நிலையத்தில் நிறுவப்பட்டது. நாளொன்றுக்கு 1,000 லிட்டர் தரும் வகையில் வடிவமைக்கப்பட்ட அதில், சொந்தப் புட்டியில் பிடிக்கும் பயணிக்கு ஒரு லிட்டர் 5 ரூபாய் என்று விலை வைக்கப்பட்டது. நீரிலிருந்து ஆர்செனிக்கை அகற்றும் தொழில்நுட்பத்துக்காக அறியப்பட்ட பேராசிரியர் பிரதீப்பின் ஆய்வுச் சூழலிலிருந்து சென்னை ஐஐடியில் வளர்ந்த வாயுஜல் நிறுவனமும் இத்துறையில் ஈடுபட்டுள்ளது.

உறிஞ்சும் வகை வேறொரு வழியில் செல்கிறது. ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் பொருளைக் காற்றில் வைத்து ஆவியை அதனுள் சேர்த்து, பிறகு சூடாக்கி அந்த ஆவியை வெளியேற்றி, மூடிய கலத்தில் குளிர்வித்து நீராக்குவது இதன் முறை. பெங்களூருவில் இயங்கும் உரவு லேப்ஸ் நிறுவனம் கால்சியம் குளோரைடு போன்ற உப்புக் கரைசலை இதற்குப் பயன்படுத்துகிறது. நாளொன்றுக்கு 2,000 லிட்டர் நீரைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலை மட்டுமே கொண்டு லிட்டருக்கு 2 அமெரிக்க சென்ட்டுக்கு மிகாத செலவில் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 2016இல் அறிவிக்கப்பட்ட எக்ஸ்பிரைஸ் போட்டியில், இறுதிச் சுற்றை எட்டிய ஐந்து அணிகளுள் உரவும் ஒன்று.

இதே வழியில் வேதியியல் இன்னும் ஆழமாகச் சென்றிருக்கிறது. உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்து, உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் அமையும்படி கட்டப்படும் படிகங்களுக்கு உலோக-கரிமக் கட்டமைப்புகள் என்று பெயர். இவற்றை உருவாக்கியதற்காக சுசுமு கிட்டகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் எவலின் வாங் குழுவோடு இணைந்து 2017இல் யாகி வெளியிட்ட ஆய்வு, சிர்கோனியம் கொண்ட இத்தகைய ஒரு பொருள் 20 விழுக்காடு ஈரப்பதத்திலும், சூரிய வெப்பத்தை மட்டுமே கொண்டு, கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 2.8 லிட்டர் நீர் தரக்கூடும் என்று காட்டியது.

கள்ளக்குறிச்சி போன்ற உள்நாட்டு மாவட்டத்துக்கு இந்த இரண்டாம் வகையே கூடுதலாகப் பொருந்தும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. காற்றில் ஒப்பு ஈரப்பதம் உயர்ந்து நிற்பது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட வேளையில்; சூரியத் தகடுகள் மின்சாரம் தருவதோ நண்பகலில். குளிர்விக்கும் கருவியைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினால் காற்று மிகவும் வறண்ட நேரத்தில் ஓட்ட நேரிடும். இரவில் ஓட்டினால் விலை மிகுந்த மின்கலங்களோ அனல் மின்சாரமோ வேண்டும். உறிஞ்சும் பொருளோ இரவுக் காற்றிலிருந்து ஈரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு பகல் வெயிலின் சூட்டில் அதை விடுவிக்கும் இயல்புடையது. இரவின் ஈரத்தையும் பகலின் வெப்பத்தையும் இணைக்கும் இந்தப் பண்புக்காகத் தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் இந்த வகையில் முதலீடு செய்வது தகும். ஆயினும், ஆய்வுக்கூடத்தில் கிராம் கணக்கில் வென்ற பொருள் ஊராட்சிக்கு ஆயிரம் லிட்டர் கணக்கில் நீர் தரும் நிலையை இன்னும் எட்டவில்லை.

முன்னோடிகள் விட்டுச்சென்ற பாடம்

காற்றிலிருந்து நீர் எடுக்கும் முயற்சி புதியதன்று. கிரைமியாவின் ஃபியோடோசியா நகருக்கு அருகே மலைச்சரிவுகளில் கிடந்த கற்குவியல்களைப் பழங்காலப் பனிநீர்க் கட்டுமானங்கள் என்று கருதிய ஃபிரீட்ரிக் ஜிபோல்டு என்ற வன அலுவலர், அவற்றைப் பின்பற்றி 1912இல் கடற்கரைக் கூழாங்கற்களைக் குவித்துப் பெரிய கட்டுமானம் ஒன்றை எழுப்பினார். அது சில காலம் நீர் தந்து, பிறகு அடித்தளம் விரிசலுற்றுக் கைவிடப்பட்டது. அவர் முன்மாதிரியாகக் கொண்ட கற்குவியல்களோ பழைய கல்லறைகள் என்று பின்னாளைய அகழாய்வில் தெரியவந்தது. பிரான்சில் ஆஷில் நாப்பென் 1930களின் தொடக்கத்தில் எழுப்பிய தடித்த சுவர்க் கோபுரமும் எதிர்பார்த்த நீரைத் தரவில்லை. பெருத்த கற்கட்டுமானம் இரவில் போதிய அளவு குளிர்வதில்லை என்பதும், மெல்லிய பரப்பு வானை நோக்கி வெப்பத்தை விரைவாக உமிழ்ந்து சீக்கிரம் குளிர்கிறது என்பதும் பிறகு தெளிவாயின. அந்தத் தெளிவின் அடிப்படையில் அகமதாபாத்தின் இந்திய மேலாண்மை நிறுவனத்தைச் சேர்ந்த கிரிஜா ஷரண் குஜராத்தின் கட்ச் பகுதியில் பனிநீர் சேகரிக்கும் பரப்புகளை அமைத்து, மின்சாரமே இல்லாமல் கூரையிலிருந்து பனிநீரைப் பெற முடியும் என்று காட்டினார்; கிடைப்பது சிறிதளவே என்றாலும், அந்தக் கூரையே மழைநீரையும் சேர்க்கும்.

சிலி நாட்டின் சுங்குங்கோ என்ற மீனவர் ஊரின் வரலாறு இதைவிடப் பெரிய பாடம். அதன் மேலேயுள்ள எல் டோஃபோ மலைமுகட்டில் மூடுபனி வலைகள் கட்டப்பட்டு, 1992 முதல் ஏறத்தாழ 330 பேருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 15,000 லிட்டர் நீர் குழாய் வழியே கிடைத்தது. லாரித் தண்ணீரை நம்பியிருந்த ஊர் தன்னிறைவு பெற்றது. ஆனால் கிழிந்த வலையை மாற்றவும் குழாயைப் பராமரிக்கவும் நிலையான பொறுப்பும் நிதியும் அமையாததால், பத்தாண்டுகளுக்குள் அந்த அமைப்பு சிதைந்து ஊர் மீண்டும் லாரியையே நாடியது. கடற்காற்று ஓயாமல் மூடுபனியைத் தள்ளிவரும் அத்தகைய முகடுகளுக்கே வலைமுறை பொருந்தும்; கல்வராயன் மலையில் பனிமூட்டம் மார்கழி, தை விடியல்களுக்குரியதாகையால், நீர் மிகவும் தேவைப்படும் சித்திரையிலும் வைகாசியிலும் வலைகள் உதவமாட்டா.

மின்சாரமும் மறைந்திருக்கும் நீரும்

ஆவி நீராக மாறும்போது தன்னுள் பொதிந்திருந்த வெப்பத்தை வெளியிடுகிறது. இதை உள்ளுறை வெப்பம் என்பர். ஒரு லிட்டருக்கு அது 0.67 யூனிட் மின்சாரத்துக்கு நிகரானது. அந்த வெப்பத்தையும், கூடவே குளிரும் காற்றின் வெப்பத்தையும் கருவி அகற்றியாக வேண்டும். கம்பிரசர், தான் செலவிடும் மின்சாரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வெப்பத்தை அகற்றக்கூடியது என்பதால், நல்ல ஈரப்பதத்தில் லிட்டருக்கு 0.3 முதல் 0.5 யூனிட் வரையிலும், வறண்ட வெயிலில் அதைப்போல் இரு மடங்கும் செலவாகிறது. நெம்மேலியில் கடல்நீரைச் சவ்வூடு செலுத்திக் குடிநீராக்குவது போன்ற முறையில் ஆயிரம் லிட்டருக்கே 3 முதல் 4 யூனிட்தான் தேவை. காற்றுநீர் கடல்நீரைவிட ஏறத்தாழ நூறு மடங்கு மின்சாரத்தை விழுங்குகிறது என்பது பொறியாளரின் திறமைக்குறைவால் நேர்ந்ததன்று. இயற்பியல் விதித்த எல்லை.

இந்த எல்லையை ஒரு வீட்டின் அளவில் பார்க்கலாம். ஐவர் கொண்ட குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 5 லிட்டர் வீதம் 25 லிட்டர் வேண்டும் என்று கொண்டால், லிட்டருக்கு 0.4 யூனிட் கணக்கில் நாளொன்றுக்கு 10 யூனிட், இரண்டு மாத மின்கட்டணச் சுழற்சியில் 600 யூனிட் செலவாகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரமே இலவசம் என்பதை நினைத்தால், கூலி வருவாயில் வாழும் குடும்பம் இந்தச் சுமையைத் தாங்காது என்பது விளங்கும். மாவட்ட அளவில், 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இப்பகுதியில் வாழ்ந்த ஏறத்தாழ 13.7 லட்சம் பேருக்கும் குடிநீரை மட்டும் காற்றிலிருந்து தருவதானாலும் நாளொன்றுக்கு 27 லட்சம் யூனிட் வேண்டும்.

மின்சாரத்துக்குப் பின்னால் இன்னொரு செலவும் மறைந்திருக்கிறது. குளிர்விக்கும் கோபுரங்களைக் கொண்ட அனல் மின்நிலையங்கள் ஒரு யூனிட்டுக்கு 3.5 லிட்டருக்கு மேல் நீரைச் செலவிடக் கூடாது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் வரம்பு விதித்தது. அந்த வரம்பு வரை நீரைச் செலவிடும் நிலையத்தின் மின்சாரத்தில் ஒரு லிட்டர் காற்றுநீரை எடுத்தால், எங்கோ ஓரிடத்தில் 1.4 லிட்டர் நீர் தீர்ந்துபோகிறது. நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்தபடியே பழுப்பு நிலக்கரி வெட்டப்படும் நெய்வேலி, கள்ளக்குறிச்சிக்குத் தொலைவில் இல்லை. ஒரு வட்டாரத்தின் நீரை மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தைக் கொண்டு மற்றொரு வட்டாரத்தில் அதைவிடக் குறைந்த நீரை எடுப்பது நீர்ப் பெருக்கம் ஆகாது. சூரிய ஆற்றலைக் கொண்டு இயங்கும் காற்றுநீர்க் கருவிக்கே பொதுப் பணத்தைக் கோரும் தகுதி உண்டு.

மலையும் ஏரியும் கூரையும்

கடலிலிருந்து நீரை ஆவியாக்கி, காற்றில் ஏற்றி, மேகமாகக் குளிர்வித்து, துளியாக்கி இறக்கும் பணி முழுவதையும் சூரியனும் காற்றும் செலவின்றிச் செய்து முடித்த பிறகு கிடைப்பதே மழை. கள்ளக்குறிச்சிப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 50 சதுர மீட்டர் கூரை உள்ள வீட்டின் மேல் மட்டும் ஆண்டுக்கு 50,000 லிட்டர் நீர் விழுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 40,000 லிட்டர் எஞ்சும். மேலே கண்ட ஐவர் குடும்பத்தின் குடிநீர்த் தேவை ஆண்டுக்கு 9,125 லிட்டர்தான். மழையற்ற நான்கு மாதங்களைக் கடக்க, மூடிய 3,000 லிட்டர் தொட்டி ஒன்றும் முதல் மழையின் அழுக்கை ஒதுக்கும் வடிகட்டியும் போதும். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் உயிர் குழாய்களும் தொட்டிகளும் இன்றும் இயங்கும் நிலையில் உள்ளனவா என்பதில் இருக்கிறது.

சமவெளிக்கு ஏரியும் மலைக்குச் சுனையும் இதே பணியைப் பெரிய அளவில் செய்கின்றன. கல்வராயன் மலையின் ஓடைகளே கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணைக்கும், அதை அடுத்து மணிமுக்தா அணைக்கும் நீர் தருகின்றன. அணையிலிருந்து வாய்க்கால் வழியே ஏரிகள் நிரம்ப, ஏரிகளிலிருந்து கசியும் நீர் கிணறுகளை ஊறச் செய்கிறது. மலையின் காடு அழிந்தால் மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் ஒரே பாய்ச்சலில் ஓடிவிட, சுனை கோடைக்கு முன்பே வற்றும், அடிவாரத்து ஏரியில் வண்டல் படியும். ஆகவே கல்வராயனின் காட்டைக் காப்பதும், வரத்து வாய்க்கால்களைத் தூர்வாருவதும், சுனைகளைக் கல்கட்டி மாசு படாமல் காப்பதும் களமருதூர் வரையிலான சமவெளியின் குடிநீர்த் திட்டங்களே ஆகும். காற்றுநீர்க் கருவியின் கவர்ச்சி இந்தப் பணிகளுக்குரிய பணத்தையும் கவனத்தையும் இழுத்துச் செல்லுமானால், அது ஊருக்கு இழப்பாக முடியும்.

கருவிக்கு உரிய இடம்

இவ்வளவு சொன்னபின்னும் இந்தத் தொழில்நுட்பத்தை முற்றிலும் ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. நாளொன்றுக்குச் சில நூறு லிட்டர் தூய குடிநீர் கட்டாயம் வேண்டும், ஆனால் குழாயோ நம்பகமான கிணறோ எட்டாது என்ற இடங்கள் உண்டு. மலைச்சிற்றூரின் துணைச் சுகாதார நிலையம், உண்டு உறைவிடப் பள்ளி, வெள்ளத்தால் கிணறுகள் மாசுபட்ட நாள்களில் நிவாரண முகாம், கரைந்த உப்போ ஃபுளோரைடோ மிகுந்து நிலத்தடி நீர் குடிக்கத் தகாத ஊர் ஆகியவை அவற்றுள் அடங்கும். பற்களையும் எலும்புகளையும் தாக்கும் ஃபுளோரைடுக்காகவே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டது என்பதை எண்ணினால், மண்ணைத் தொடாத நீரின் மதிப்பு புரியும். கல்வராயன் மலைமக்களின் அடிப்படைத் தேவைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அந்தத் தேவைகளை நிறைவேற்றும்போது, குழாய் சென்று சேரச் சில ஆண்டுகள் ஆகக்கூடிய சிற்றூர்களின் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் சூரிய ஆற்றலில் இயங்கும் சிறு கருவியை இடைக்கால ஏற்பாடாகச் சோதித்துப் பார்க்கலாம்.

அப்படிச் சோதிக்கும்போது அரசும் ஊராட்சியும் நான்கு நிபந்தனைகளை விட்டுக்கொடுக்கக் கூடாது. முதலாவதாக, கருவியின் திறன் நிறுவனத்தின் விளம்பர அளவால் அன்றி, அந்த ஊரிலேயே ஏப்ரல், மே மாதங்களில் அளந்த லிட்டராலும், ஒவ்வொரு லிட்டருக்கும் செலவான யூனிட்டாலும் மதிப்பிடப்பட வேண்டும். அந்த அளவுகள் ஊராட்சிப் பலகையில் எழுதப்பட வேண்டும். இரண்டாவதாக, காற்றில் உள்ள தூசியும் நுண்ணுயிரியும் நீரில் சேரக்கூடியவை, ஈரம் தேங்கும் சுருளும் தொட்டியும் கிருமி வளர ஏற்றவை என்பதால், இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500இன்படி நீர் தவணை தவறாமல் பரிசோதிக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, வாங்கும் ஒப்பந்தத்திலேயே குறைந்தது ஐந்தாண்டுப் பராமரிப்பும் உதிரிப்பாகமும் உள்ளூர் இளைஞர்களுக்கான பயிற்சியும் சேர்க்கப்பட வேண்டும். சுங்குங்கோவின் வலைகள் விழுந்தது இந்த ஒன்று இல்லாமையால்தான். நான்காவதாக, ஒரே தொகையைக் கொண்டு கூரை மழைத்தொட்டி, சுனைப் பாதுகாப்பு, காற்றுநீர்க் கருவி ஆகிய மூன்றில் எது எத்தனை பேருக்கு எத்தனை ஆண்டுகள் நீர் தரும் என்ற ஒப்பீடு கிராம சபையின் முன் வைக்கப்பட்ட பிறகே முடிவு எடுக்கப்பட வேண்டும்.

புவி ஒரு பாகை வெப்பமடையும்போது காற்று தாங்கக்கூடிய ஆவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. அந்தக் கூடுதல் ஆவி சில நாள்களில் பேய்மழையாகக் கொட்ட, அடுத்து நீளும் வறட்சியில் வெப்பம் மண்ணின் ஈரத்தை மேலும் விரைவாக உறிஞ்சும். இந்த மாற்றத்துக்கு முன் நிற்கும் மாவட்டத்துக்குத் தேவை, பெய்யும்போது பிடித்து வைக்கும் ஆற்றலே. ஏரியும் சுனையும் கூரைத்தொட்டியும் நிறைந்த ஊரில் காற்றுநீர்க் கருவி ஒரு பள்ளியின், ஒரு சுகாதார நிலையத்தின் அவசரத் தேவைக்குக் காவலாக நிற்கலாம். அவற்றைக் கைவிட்ட ஊரில் எத்தனை கருவிகள் வைத்தாலும் மக்களின் தாகம் தணியாது. ஆகவே அடுத்த மழைக்காலத்துக்கு முன் கள்ளக்குறிச்சியின் ஒவ்வோர் ஊராட்சியும் செய்ய வேண்டிய முதல் பணி, தன் வரத்து வாய்க்கால்களையும் கூரைக் குழாய்களையும் சீராக்குவதுதான்.